திரும்பி வந்தவரின் பெருமை

செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பல்லவர் காலத்திலிருந்து நிற்கின்றன. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் பட்டான் என்று நாலைந்து வரியில் சொல்லிவிடும். பட்டவனுக்குத்தான் கல். அதே சண்டையிலிருந்து காயத்தோடு ஊர் திரும்பி, இன்னும் முப்பது வருஷம் உழுது பிழைத்தவனுக்குக் கல் இல்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டிலும் இதே வழக்கம்தான். இந்த ஊரிலிருந்து முதல் உலகப் போருக்குப் போனவர்கள் 277 பேர், உயிர் கொடுத்தவர்கள் 14 பேர் என்கிறது. மற்ற 263 பேர் என்ன ஆனார்கள் என்பது அந்தக் கல்லின் கவலை அல்ல. திரும்பி வந்தவர்களை நினைவில் வைப்பது எந்தக் காலத்திலும் வீட்டின் பொறுப்பாகவே இருந்திருக்கிறது.

1971-இல் பாகிஸ்தானுடன் நடந்த போரில் இருபது வயதுச் சிப்பாயாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்து வயதாகிறது. வேலூர், திருவண்ணாமலை, தேனி, இராமநாதபுரம் மாவட்டங்களின் கிராமங்களில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்றால் போதும், கதவு எண் வேண்டாம். கூடத்தில் சாமி படங்களை அடுத்துச் சீருடைப் படம். பீரோவில் அந்துருண்டை வாசத்தோடு மெடல்கள். டிசம்பர் 16 வந்தால் பேரன் அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறான். பதின்மூன்று நாள் போர், டாக்காவில் சரண், ஏறத்தாழ 93,000 போர்க்கைதிகள் என்று பள்ளியில் படித்ததையும் சேர்த்துக்கொள்கிறான். “எங்க தாத்தா எழுபத்தொண்ணு வார்ல இருந்தவரு” என்று சொல்லும்போது குரல் நிமிர்கிறது. நிமிரட்டும். அப்பன் பாட்டனைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத பிள்ளையைவிட, சொல்ல ஒன்று உள்ள பிள்ளைக்குக் கால் தரையில் நன்றாக ஊன்றும்.

ஆனால் இந்தப் பெருமை வருஷத்துக்கு வருஷம் வளரும். மகன் சொல்கையில் லாரி ஓட்டியவர், பேரன் சொல்கையில் டாங்கி ஓட்டுகிறார். வயர்லெஸ் பெட்டியைச் சுமந்தவர் கையில் இயந்திரத் துப்பாக்கி வந்துவிடுகிறது. பெரியவர் மறுத்தால், “தாத்தாவுக்கு அடக்கம்” என்று அதையும் பெருமைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஒரு பட்டாலியன் சண்டை போட வேண்டுமானால் அதற்குச் சோறு ஆக்க வேண்டும், காயத்துக்குக் கட்டுப் போட வேண்டும், இருட்டில் விளக்கில்லாமல் வெடிமருந்து வண்டியை ஓட்ட வேண்டும். குண்டு விழும் இடத்துக்கு அண்டாவோடு போன சமையற்காரரைச் சினிமாக் கதாநாயகனாக மாற்றினால்தான் மதிப்போம் என்றால், நாம் மதிப்பது சினிமாவை.

ஏன் போனார் என்பதையும் வீடு திருத்திச் சொல்கிறது. தேசத்துக்காகப் போனார் என்கிறோம். பெரும்பாலோர் மழை பொய்த்த வருஷத்தில், தங்கை கல்யாணக் கடனோடு, ஆள் எடுக்கும் இடத்தில் மார்பளவு காட்டி நின்றவர்கள். மூன்று வேளைச் சோறும், மாதா மாதம் ஊருக்கு மணியார்டரும்தான் அவர்களை ரயில் ஏற்றின. இதைச் சொல்வதால் அவர் மதிப்பு குறையாது. பிழைப்புக்காகப் போன இடத்தில் உயிர் கேட்கப்பட்டபோது, விட்டு ஓடாமல் நின்றார் என்பது இன்னும் பெரிய செய்தி.

அந்தப் போரில் ஊரிலிருந்தே பங்கெடுத்தவர்களும் உண்டு. ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவ அஞ்சல் முகவரிக்குக் கடிதம் எழுதவைத்த மனைவியோ தாயோ, அந்த எண் எந்த ஊர், எந்தத் திசை என்று தெரியாமலே எழுதவைத்தாள். வந்த இன்லண்ட் லெட்டரை அடுத்த வீட்டுப் பள்ளிப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ரேடியோவில் செய்தி ஓடுகையில் அடுப்படியில் கை நின்றது. அவளுக்கு மெடல் கிடையாது. சுவரில் படமும் பெரும்பாலும் கிடையாது.

இவ்வளவும் பேசுகிற வீட்டில், சம்பந்தப்பட்டவர் மட்டும் அதிகம் பேசுவதில்லை. நமக்கு டிசம்பர் 16 வெற்றி நாள். ஆனால் டாக்காவில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தான அதே நாளில்தான், மேற்கே ஷகர்கர் முனையில் பசந்தர் ஆற்றை ஒட்டி டாங்கிகள் மோதிக்கொண்டிருந்தன. பின்னர் பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்ரபால், 21 வயதில் அன்றுதான் இறந்தார். அந்த டாங்கிகள் முன்னேறக் கண்ணிவெடி வயல்களில் பாதை திறந்தவர்களில் மதராஸ் சாப்பர்கள் இருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 9 இரவு, டையூ கடற்பகுதியில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். நாடு கொண்டாடும் நாட்களுக்குள் அவரவருக்குத் தெரிந்த சாவுகள் இருக்கின்றன.

கண்ணிவெடி வயலில் ஒருவன் கால் வைத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இன்னொருவன் கால் வைத்தான். ஒருவன் பென்ஷன் வாங்குகிறான், நவம்பர் தோறும் உயிர்வாழ் சான்று கொடுக்கிறான், காண்டீனில் வரிசையில் நிற்கிறான். இன்னொருவனுக்கு இருபத்திரண்டு வயதோடு எல்லாம் முடிந்தது. இருவரில் யார் கெட்டிக்காரன், யார் தைரியசாலி என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. திரும்பி வந்தவர் இதை அறிவார். அதனால்தான் தம்மைப் புகழும்போது கூச்சப்படுகிறார். பக்கத்தில் இருந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் கண் மாறுகிறது. அவருக்கும் பெருமை உண்டு. ஆனால் அது தம்மைப் பற்றியது அல்ல. இன்ன ஊர்க்காரன், இன்ன மொழிக்காரன், தன் ரொட்டியில் பாதி கொடுத்தவன், வராமல் போனவன் — அவனோடு ஒரே வரிசையில் நின்றோம் என்பதே அந்தப் பெருமை.

குடும்பத்தின் பெருமை அப்பாவோடு நின்றுவிடுகிறது. அப்பாவின் பெருமை அவரைக் கடந்து வேறொருவனிடம் போகிறது. இந்த வித்தியாசம் புரியாதவரை மெடலைத் துடைத்து வைக்கிறோமே தவிர, அதை வாங்கியவரை அறிவதில்லை. போர்ச் சேவையின் வாரிசாக இருப்பது ஒரு கடனுக்கு வாரிசாக இருப்பது. நம் அப்பா திரும்பி வந்ததால் நாம் பிறந்தோம். திரும்பாதவனின் வீட்டில் பிறக்காமலே போன பிள்ளைகளுக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

புதுதில்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் சுவர்களில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தெரிந்த பெயர் ஒன்று அங்கே இருக்கக்கூடும். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று அவரிடம் கேட்காதீர்கள். உங்கள் பக்கத்தில் இருந்தவர் யார், எந்த ஊர், எப்படிப் பாடுவார், அம்மாவுக்கு என்ன எழுதுவார் என்று கேளுங்கள். அவர் அழுதால் அழ விடுங்கள், பேச்சை மாற்றாதீர்கள். சொன்னதை அவர் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதி வையுங்கள். அந்தத் தலைமுறைக்கு இனி அதிக டிசம்பர்கள் இல்லை. இந்த ஆண்டே கேளுங்கள்.