சராசரிக்குள் ஒளிந்து கொள்ளலாமா?

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலைக்கு ஒரு தை மாதத்தில் மாணவர்கள் சிலரோடு சென்றிருந்தோம். மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். வளைந்து வளைந்து ஏறும் பாதை. மேலே சென்றதும் மிளகுக் கொடிகள், நிழல் மரங்கள், அவற்றின் கீழே காப்பிச் செடிகள், ஆங்காங்கே சாமையும் கேழ்வரகும் விளையும் சரிவு நிலங்கள். அங்கு வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவரென மயங்கிவிடக் கூடாது; மலையை ஆள்பவர் என்னும் பொருளில் அவர்கள் தம்மை அவ்வாறு அழைத்துக் கொள்கின்றனர்; அவர்தம் மொழி தமிழே.

காப்பிப் பழம் பறித்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மைத் திண்ணையில் அமர்த்திச் சூடாகக் காப்பி கொடுத்தார். எமது மாணவர் ஒருவர், பள்ளியில் படித்ததைக் காட்டும் ஆர்வத்தில், பூமி வெப்பமடைவது பற்றியும், அனைவரும் புகையைக் குறைத்துக் கொள்ள வேண்டும் என்பது பற்றியும் அவரிடம் எடுத்துரைக்கத் தொடங்கினார். பெரியவர் பொறுமையோடு கேட்டார். பின்னர் எம் பக்கம் திரும்பி, “பாய், இங்க தார் ரோடு வந்தது எம் பேரப்பிள்ளைங்க காலத்துல. பஸ்ஸு வந்தது அதுக்கும் அப்புறம். தம்பி சொல்ற அந்தச் சூட்டுல எங்க பங்கு எவ்வளவு பாய்?” என்றார்.

மாணவர் விடையின்றி எம்மைப் பார்த்தார். எமக்கும் அப்போது விடை தோன்றவில்லை. மலையிறங்கிய பின்னும் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. அதனையே ஈண்டு வாசக நேயர்கள்முன் வைக்கின்றோம்.

முதலில், அந்த முதியவர் வெப்பத்தை அறியாதவர் அல்லர். காப்பிச் செடி மாசி, பங்குனியில் மொட்டுக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும். உரிய நாளில் ஒரு நல்ல மழை விழுந்தால், பத்து நாளுக்குள் தோட்டம் முழுதும் வெள்ளை விரித்தாற்போல் பூத்துவிடும். அதனால்தான் தோட்டக்காரர்கள் அதனைப் பூ மழை என்கின்றனர். அம்மழை பிந்தினாலோ, தூறலோடு நின்றுவிட்டாலோ மொட்டு கருகும். பழம் பறிக்கும் காலத்தில் பருவந்தவறி மழை கொட்டினால் பழம் உதிரும்; காய வைத்தது பூசணம் பிடிக்கும். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்து போயிற்று. 1876க்குப் பின் அத்தகைய பொய்த்தலைக் கண்டதில்லை என்றனர் வானிலையாளர். வெப்ப அலையைப் பேரிடர் என்றே தமிழக அரசு 2024ஆம் ஆண்டு அறிவித்தது. ஏட்டில் நாம் படித்தறிந்ததை அவர் மொட்டில் பார்த்தறிந்தவர். அவர் கேட்டது அறிவியலை அன்று, நீதியைக் கேட்டார்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைக் கடந்து நிற்கிறது. ஒருமுறை ஏறிய இவ்வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் இறங்குவதில்லை. ஆகவே, பாட்டன் எரித்த நிலக்கரி பேரன் தலைக்கு மேல் இன்னும் நிற்கிறது. இதுவரை ஏறியதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஒன்றிலிருந்தே எழுந்ததாகும். 1992ஆம் ஆண்டு ரியோ நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டபோது, பொறுப்பு எல்லோர்க்கும் பொது, ஆயினும் அளவில் வேறு என்னும் கோட்பாட்டை ஏற்றன. மதரசாவில் ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு இது புதிதன்று. உதுமானியப் பேரரசு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா சட்டநூலின் 87ஆம் விதி, ஒரு பொருளின் பயனைத் துய்ப்பவனே அதன் இழப்பையும் சுமக்க வேண்டும் என்கிறது. இந்த விதியை வைத்துத்தான் மேலை நாடுகளை நோக்கி நாம் வாதாடுகிறோம். நியாயமான வாதமே.

ஆனால் அதே விதியைக் கையிலேந்திக் கொண்டு வத்தல்மலையில் நின்றபோது, அது எம்மை நோக்கியே திரும்பியதை உணர்ந்தோம்.

இந்தியர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கருக்கோ 14 டன் அளவு. மேடைதோறும் நம்மவர் எடுத்துரைக்கும் கணக்கு இது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 2 டன் என்பது யார்? அறைக்கொரு குளிர்சாதனமும், வீட்டுக்கிரண்டு காரும், ஆண்டுக்கொரு விமானப் பயணமும் உடையவரையும், தலையில் விறகு சுமந்து வரும் மலைப்பெண்ணையும் கூட்டி வகுத்த ஈவு அல்லவா? நம் எண் இத்தனை சிறியதாய் இருப்பதற்குக் காரணம் அந்தப் பெண் எதையும் எரிக்காததுதான். அவளது வறுமையைக் கேடயமாகப் பிடித்துக் கொண்டு நாம் உலக அவையில் நிற்கிறோம். கேடயத்துக்குக் கூலி கொடுத்தோமா என்று எவரும் கேட்பதில்லை.

ஜகாத்தின் பாடத்தில் ஆடுகளைப் பற்றிய ஓர் இடம் உண்டு. எம் உஸ்தாது அதனைக் கூழாங்கற்களை வைத்து விளக்குவார். நாற்பது ஆடுகளுக்கு ஓர் ஆடு கடமை. நூற்றிருபது வரையிலும் அதே ஓர் ஆடுதான். மூவர் ஆளுக்கு நாற்பது வைத்திருந்தால் மூன்று ஆடுகள் கொடுத்தாக வேண்டும். வசூலிப்பவர் வருகிறார் என்றதும் மூவரும் மந்தைகளை ஒன்றாக ஓட்டி, நூற்றிருபதும் ஒரே மந்தை என்று காட்டினால் ஓர் ஆட்டோடு தப்பலாம். கடமைக்கு அஞ்சிப் பிரிந்ததைச் சேர்க்கவும் சேர்ந்ததைப் பிரிக்கவும் கூடாதென்று நபிமொழி இதனைத் தடுத்திருக்கிறது. சிறுவயதில் கற்களை எண்ணிச் சிரித்தோம். இப்போது நம் நாட்டுக் கணக்கைப் பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை. ஊரார் பொருளையெல்லாம் தலைக்கு வகுத்துப் பார்த்து, எவரும் நிஸாபை எட்டவில்லை, ஆகையால் இவ்வூரில் ஜகாத்தே இல்லை என்று ஒரு செல்வர் சொன்னால் ஒப்புவோமா?

இதனை எழுதும்போது எமது கை சற்றுத் தயங்கியதையும் மறைக்க வேண்டியதில்லை. நம் சமுதாயத்துக் குடும்பங்களில் சபுராளி ஒருவரேனும் இல்லாத வீடு எத்தனை? குமர்களைக் கரைசேர்த்ததும், கூரையைக் காரையாக்கியதும், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியதும் வளைகுடாவின் எண்ணெயிலிருந்து கசிந்த ஊதியமே. நாம் ஓதிக் கொடுக்கும் மதரசாவின் மாடியும் அப்பணத்தில் எழுந்ததுதான். வெயிலில் வெந்து, பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து ஈட்டிய அந்தப் பணம் ஹலாலானது. அதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் பயனைத் துய்த்தவர் பட்டியலில் நம் பெயரும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு துபாயில் கூடிய உலக மாநாடு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து விலகிச் செல்லும்படி நாடுகளைக் கேட்டுக் கொண்டது. அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 2015இல், இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள், எண்ணெய் வளமுள்ள நாடுகளே இதில் முந்த வேண்டுமென்று அறிக்கை விடுத்தனர். அந்நாள் வரும்போது முதலில் திருப்பியனுப்பப்படுவோர் ஷேக்குகள் அல்லர், நம் பிள்ளைகளே. எனவே, விலகுதல் கூடாதென்று நாம் சொல்லவில்லை. விலகுவோர் கணக்கில் கூலியாட்களின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

நம் மாநிலத்திலும் இதே கேள்வி எழுகிறது. காற்றாலைகள் 10,000 மெகாவாட்டைக் கடந்தன. கமுதியில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. பெருமைதான். ஆயினும் 2023 சூலையில், நெய்வேலிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் பருவத்து நெல்வயலை இயந்திரங்கள் கீறிக்கொண்டு சென்றதையும் கண்டோம். பழையது நிற்கவில்லை, புதியதும் அதன்மேல் வந்து சேர்ந்திருக்கிறது. மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டை மரங்கள் மூட வேண்டுமென்று பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கப்பெற்றது. நல்ல நோக்கம். ஆனால் மரத்தை மலையிடம் கேட்பது எளிது. குளிர்சாதனத்தைக் குறைக்கும்படி நகரத்திடம் கேட்பது அரிது.

எல்லாம் விதி என்பாரும் நம்மில் உளர். கரையில் ஓட்டை போட்டுவிட்டுக் கண்மாய் வற்றியதற்கு விதியைச் சொல்வதுபோலத்தான் அது.

இனி, எமது ஊர்ப் பள்ளிவாசலுக்கு வருவோம். தொழுமிடம் முழுவதற்கும் குளிர்சாதனம் பொருத்துவதற்குச் சபுராளி ஒருவர் மனமுவந்து பணம் அனுப்பியிருக்கிறார். ஜமாஅத்துக் கூட்டத்தில் நாம் எழுந்து, அத்தொகையில் ஒரு பகுதிக்கு மாடியில் சூரியத் தகடுகள் வைக்கலாம், வெள்ளிக்கிழமை தவிர மற்ற வேளைகளில் மின்விசிறியே போதும் என்றோம். முதியோர் நோன்பு நாளில் வெப்பம் தாங்க மாட்டார்கள் என்றார் ஒருவர். அது உண்மையே, அதற்கு நம்மிடம் முழு விடை இல்லை. வேறொருவர் சிரித்தபடி, “ஹஜ்ரத், அமெரிக்காக்காரன் எரிக்கிறதுல நாம எரிக்கிறது எந்த மூலைக்கு?” என்றார். பலர் தலையசைத்தனர். நாம் வத்தல்மலை முதியவரைப் பற்றிச் சொன்னோம். அவர் கேட்ட கேள்வியையும், உஸ்தாதின் கூழாங்கற்களையும் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரமாயிற்று. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார் முத்தவல்லி.