ஆண்டு இல்லை

இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் தலபுராணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சின்னப் புத்தகம், அட்டை கிடையாது. எழுதியவர் பெயர், அச்சகம், ஆண்டு, விலை எதுவுமே இல்லை. அந்த ஊர்ப் பாட்டி ஒருவர் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. கடுவெளிச் சித்தரைப் பற்றிய என் ஆய்வேட்டில் அதை மேற்கோள் காட்டியே ஆகணும்.

துணைநூற்பட்டியலைப் பார்த்த நெறியாளர், "ஏம்மா, வருஷம் இல்லாம விட்டா வைவாவுல கேப்பாங்க. 1965ன்னு போட்டுடு. யாரு தேடப் போறா?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அன்று ராத்திரி நானும் 1965 என்று அடித்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. காரணம் அந்தக் கதை. ஆடிக்கொண்டிருந்தவளின் சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து மாட்டிவிடுகிறார். ஊர் சிரிக்கிறது. அவர் கோபத்தில் பாட, லிங்கம் வெடித்துச் சிதறுகிறது. ஒட்டவைத்துச் செப்புத்தகடு சுற்றிய லிங்கத்துக்குத்தான் இன்றும் பூசை. கூடவே ஒரு சாபம்: இந்த மண் வறண்டு போகும், தூரதேசத்துக்காரர்கள் வந்துதான் மறுபடி பச்சை பிடிக்கும். இரும்பைக்குப் பக்கத்தில் ஆரோவில் தொடங்கியது 1968 பிப்ரவரி 28ஆம் தேதி. தூரதேசத்துக்காரர்கள் என் புத்தகத்திலும் வருகிறார்கள்.

ஆக, 1965 என்று போட்டால் நான் ஒரு தீர்க்கதரிசனத்துக்குச் சாட்சி சொல்கிறேன். 1972 என்று போட்டால், வந்தவர்களைப் பார்த்தபிறகு யாரோ சேர்த்த வரி அது. இரண்டுமே எனக்குத் தெரியாது. ஆனால் நாளைக்கு என் ஆய்வேட்டைக் காட்டி இன்னொருத்தர் எழுதுவார், அவரைக் காட்டி வேறொருத்தர். நாலாவது ஆளுக்கு அது வரலாறு.

துப்பு ஒன்றே ஒன்றுதான். 'லை', 'னை' எல்லாம் பழைய கொம்பு வைத்த எழுத்தில் இருக்கின்றன. எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978இல் வந்தது. அதற்காகச் சின்ன அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளை மறுநாளே தூக்கிப் போட்டிருக்குமா என்ன? 1968க்கு முன்னா பின்னா என்பதற்கு இது உதவவே இல்லை.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கும் இதே சிக்கல் வந்திருக்கிறது. பெயர் தெரியாத புலவருக்கு அவர் பாட்டில் வரும் சொல்லையே பெயராக வைத்தார்கள்: செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார். படித்தவுடனே தெரிகிறது, அது இட்ட பெயர் என்று. யாரையும் ஏமாற்றவில்லை.

காலையில் 1965ஐ அழித்தேன். 'ஆசிரியர், அச்சகம், ஆண்டு இல்லை, முகப்பு கிழிந்த படி, பழைய எழுத்துரு, இரும்பையில் தனியாரிடம் பெற்றது' என்று போட்டேன்.

சார் படித்தார். "ரொம்ப நீளமா இருக்கேம்மா" என்றார். பிறகு பேனாவைத் தேட ஆரம்பித்தார்.