நுரையின் விறைப்பு

மெத்தைக் கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு கனமீட்டர் நுரைப்பஞ்சு அத்தனை கிலோ எடை இருக்கும் என்று பொருள். அதே பாலியூரித்தேன் நுரைக்காமல் கட்டியாக இருந்தால் ஒரு கனமீட்டர் சுமார் 1,200 கிலோ இருக்கும். ஆக, 32 டென்சிட்டி மெத்தையில் நூற்றில் மூன்று பங்குகூடப் பொருள் இல்லை, மீதியெல்லாம் காற்று. விறைப்பும் நூற்றில் மூன்றாகத்தான் குறையும் என்று தோன்றும். ஆனால் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

காரணம் உருப்பெருக்கியில் தெரியும். மெத்தை நுரையின் அறைகளுக்குச் சுவர் கிடையாது. மெல்லிய இழைகள் விளிம்புகளாக நின்று ஒன்றோடொன்று கூடுகின்றன, ஒரு முடிச்சில் பெரும்பாலும் நான்கு. நுரையை அழுத்தினால் இந்த இழைகள் நசுங்குவதில்லை, வளைகின்றன. பிளாஸ்டிக் ஸ்கேலை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் அசையாது, வளைத்தால் உடனே வளையும். இழையும் அப்படித்தான். நீளத்தை மாற்றாமல் இழையின் தடிமனைப் பாதியாக்கினால் அதிலுள்ள பொருள் நான்கில் ஒரு பங்காகும், வளைவதற்குக் காட்டும் எதிர்ப்போ பதினாறில் ஒரு பங்காகிவிடும். அடர்த்தி நான்கில் ஒன்று, விறைப்பு பதினாறில் ஒன்று: இதுதான் வர்க்க விதி. லோர்னா கிப்சனும் மைக்கேல் ஆஷ்பியும் 1988இல் வெளியிட்ட 'செல்லுலர் சாலிட்ஸ்' நூல் இந்தக் கணக்கை விரிவாகச் சொல்கிறது.

அந்தக் கணக்கில் அறையின் அளவு வருவதே இல்லை. தடிமனுக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே வருகிறது. ஒரே பாலிமர், ஒரே அடர்த்தி, ஒரே அறை வடிவம் என்றால் பொடி அறை நுரைக்கும் பெரிய அறை நுரைக்கும் விறைப்பு ஒன்றுதான். விரலுக்கு வழவழப்பாக இருப்பது உறுதிக்கு அடையாளமாகாது. டென்சிட்டி எண்ணும் முழுக் கதை அல்ல. பாலிமரின் வேதியியலை மாற்றி, அதே எடையில் மெத்தென்றும் கெட்டியாகவும் செய்துவிடலாம்.

தெர்மோகோலில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு முகத்தையும் படலம் மூடியிருக்கிறது. விளிம்பு வளைய வேண்டுமானால் படலம் தன் தளத்திலேயே இழுபட்டாக வேண்டும். அது எளிதில் இழுபடாது. பொருளெல்லாம் படலத்தில் இருந்தால் விறைப்பு அடர்த்திக்கு நேர் விகிதத்தில்தான் குறையும். ஆனால் நுரை இளகி இருக்கும்போதே பரப்பு இழுவிசை பாலிமரைப் படலத்திலிருந்து விளிம்புகளுக்கு இழுத்துக்கொள்கிறது. அதனால் பல மூடிய நுரைகளில் படலம் தரும் பலன் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. உள்ளே அடைபட்ட காற்றின் பங்கு மிருதுவான ரப்பர் நுரையில் தெரியும், தெர்மோகோலில் அற்பம்.

திசையும் உண்டு. நுரை பொங்கி எழும் திசையில் அறைகள் நீண்டுவிடும். நீளம் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கானால், அந்தத் திசையில் விறைப்பு குறுக்குத் திசையைவிட மூன்று மடங்கைத் தாண்டும் என்கிறது கிப்சன்–ஆஷ்பி கணக்கு. ஒரே பாளத்தை நிறுத்தி வெட்டுவதற்கும் கிடத்தி வெட்டுவதற்கும் இவ்வளவு வேறுபாடு.

1987இல் ராடெரிக் லேக்ஸ் செய்தது இன்னும் விசித்திரம். சாதாரண பாலியூரித்தேன் நுரையை எல்லாப் பக்கமும் நெருக்கி, சூடாக்கி, அதே நிலையில் ஆறவிட்டார். இழைகள் உள்நோக்கி மடிந்தபடி உறைந்துவிட்டன. இழுத்தால் அந்த நுரை ஒல்லியாகாமல் பக்கவாட்டிலும் பருத்தது. நெருக்கியதால் அடர்த்தி கூடியிருந்தும் விறைப்பு வர்க்க விதிப்படி ஏறவில்லை. முன்பே மடிந்துவிட்ட இழையை மேலும் வளைக்கப் பெரிய விசை வேண்டியதில்லை.