தூக்குமரத்துக்கு முன்னால் முடிகிற கதை

துப்பறியும் நாவலை வெறும் புதிர் என்று ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1945இல் எட்மண்ட் வில்ஸன் அப்படித்தான் ஒதுக்கினார். ரோஜர் அக்ராய்டைக் கொன்றது யாராயிருந்தால் யாருக்கென்ன என்பது அவர் கட்டுரைத் தலைப்பிலேயே இருந்த கேள்வி. ஆனால் விடை எழுதி முடித்த குறுக்கெழுத்துக் கட்டத்தை யாரும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. அகதா கிறிஸ்டியின் வாசகர்கள் உட்காருகிறார்கள். நானும்தான். கதையைச் சொல்கிற டாக்டர் ஷெப்பர்டே கொலையாளி என்று தெரிந்துகொண்டே அந்த நாவலை மூன்று தடவை படித்திருக்கிறேன். (முடிவைச் சொல்லிவிட்டதாகக் கோபிப்பவர்களுக்கு: நாவல் வந்தது 1926இல்.)

வாசகனின் சொந்தக் குற்ற உணர்வுதான் காரணம் என்றார் கவிஞர் ஆடன், 1948இல். ஒருவன் குற்றவாளி என்று நிரூபணமானதும் மற்றவர்கள் எல்லோரும், கூடவே வாசகனும், நிரபராதிகளாகிவிடுகிற ஆசுவாசம். ஆதிப் பாவத்தை நம்புகிற மனசுக்கு இது சரியாக இருக்கலாம். எனக்குத் தோன்றும் காரணம் இதைவிடக் கீழானது. இந்தக் கதைகளில் தீர்ப்பளிக்கிற சுகம் எனக்குக் கிடைக்கிறது. தண்டிக்கிற வேலை என் தலையில் விழுவதில்லை.

பொய்ரோ என்ன செய்கிறார், பாருங்கள். போலீஸ் வருவதற்கு முன் ஷெப்பர்டுக்கு ஓர் இரவு அவகாசம் கொடுத்து, தூக்க மருந்தை ஜாடையாக நினைவூட்டுகிறார். ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் (1934) கத்தியால் குத்திய 12 பேரையும் விட்டேவிடுகிறார். மற்ற நாவல்களில் கைது நடந்ததும் திரை விழுந்துவிடும். கொலைக்குத் தூக்கு என்றிருந்த இங்கிலாந்தில்தான் இவையெல்லாம் எழுதப்பட்டன. கயிறு மட்டும் பக்கங்களில் தென்படாது.

1950 மார்ச்சில் லண்டனில் டிமதி எவன்ஸ் என்பவர் தம் பச்சைக் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிரான முக்கிய சாட்சி, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தவன். அவன் பேரும் கிறிஸ்டி. ஜான் கிறிஸ்டி. மூன்று வருஷம் கழித்து அவன் குடியிருந்த இடத்திலிருந்து பெண்களின் பிணங்கள் வெளிப்பட்டன. அவனும் தூக்கில் போனான். எவன்ஸுக்கு அரச மன்னிப்பு வந்தது 1966இல். அதே 1950இல்தான் அகதா கிறிஸ்டி ‘ஒரு கொலை அறிவிக்கப்படுகிறது’ நாவலை வெளியிட்டார். அதில் மிஸ் மார்ப்பிள் தவறவில்லை. தவறவே மாட்டாள். இந்த நிச்சயத்துக்காகத்தான் திரும்பத் திரும்பப் போகிறோம் என்று நினைக்கிறேன். தீர்ப்பு எப்போதும் சரி என்றாகிவிட்டால், அதற்குப் பின் நடப்பதைக் கேட்க வேண்டியதில்லை.

கேட்டவர் டோரதி ஸேயர்ஸ். 1937இல் வந்த ‘பஸ்மன்ஸ் ஹனிமூன்’ நாவலில் பீட்டர் விம்ஸி கொலையாளியைச் சரியாகவே கண்டுபிடிக்கிறார். பிறகு அவனுக்காக வாதாட நல்ல வக்கீலையும் அவரே அமர்த்துகிறார். பலனில்லை. தூக்கு நாளன்று காலை எட்டு மணி அடிப்பது காதில் விழாதிருக்கத் தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டு மனைவி ஹாரியட்டிடம் ஒடுங்கி அழுகிறார். அந்த ஹாரியட்டும் ஒரு காலத்தில் செய்யாத கொலைக்காகக் கூண்டில் நின்றவள்தான். அவளைக் காப்பாற்றியவர் விம்ஸி. அவர் கண்டுபிடித்ததில் துளி பிசகில்லை, இருந்தும் அழுகிறார்.

இந்த நாவலை நான் ஒரு தடவைதான் படித்தேன். ஸேயர்ஸும் இதற்குப் பிறகு விம்ஸி நாவல் எதையும் எழுதி முடிக்கவில்லை.