முற்பிறவியின் உறவும் இப்பிறவியின் மனிதரும்: ‘சோலைமலை இளவரசி’யை முன்வைத்து

ஒரு பிறவியில் முடிக்காமல் விட்ட கடமை மறுபிறவியில் அந்த உயிரைத் தொடருமா, முன் நிகழ்ந்த எதுவும் நினைவில் இல்லாதபோது அந்தக் கடமை யாரைச் சாரும் என்பது, இந்தியச் சமயங்கள் பலவும் தத்தம் வழியில் விடை தேடிய பழைய கேள்வி. தமிழ் வரலாற்று நாவல்களுள் இக்கேள்வியைக் கதையின் நடுவிலேயே வைத்திருப்பது, கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899-1954) எழுதிய ‘சோலைமலை இளவரசி’ ஆகும். ‘பொன்னியின் செல்வன்’ பெற்ற பெரும்புகழின் நிழலில் ஒதுங்கிப்போன இச்சிறிய நாவல் இருகால நாவல் என்னும் வகையைச் சேர்ந்தது. அதாவது, நிகழ்காலத்தில் ஒன்றும் கடந்த காலத்தில் ஒன்றுமாக இரு கதைகள் ஊடாடிச் சென்று, ஒன்றின் பொருள் மற்றொன்றால் விளங்கும்படி அமைந்தது.

1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் ஈடுபட்டுக் காவலரிடமிருந்து தப்பிய குமாரலிங்கம் என்னும் இளைஞன், சோலைமலையில் இடிந்து கிடக்கும் கோட்டையில் ஒளிந்துகொள்கிறான். அவ்வூர் மணியக்காரரின் மகள் பொன்னம்மாள் அவனுக்கு உணவளித்துக் காக்கிறாள். அந்த இடிபாடுகளுக்கிடையே, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் தான், அந்நியரை எதிர்த்த மாறனேந்தல் இளவரசன் உலகநாதத் தேவனாக ஒளிந்திருந்ததும், சோலைமலை இளவரசி மாணிக்கவல்லி தன்னைக் காத்ததும் அவன் மனத்தில் காட்சிகளாக எழுகின்றன. இவை கனவா, பசியாலும் அச்சத்தாலும் களைத்த மூளையின் மயக்கமா, உண்மையான முற்பிறவி நினைவா என்பதை ஆசிரியர் முடித்துச் சொல்வதில்லை. நாவலின் ஆழம் இந்த மௌனத்தில்தான் இருக்கிறது. கதையின் முடிவை இங்கே சொல்லிவிடுவது படிக்கப் போகிறவருக்குச் செய்யும் அநீதி என்பதால் அது விடப்படுகிறது.

இவ்வகை நாவல்களுள் உலகப் புகழ் பெற்ற ஒன்றான ஏ. எஸ். பயாட் எழுதிய ‘பொசெஷன்’ (1990), பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் இருவரின் காதலை இக்கால ஆய்வாளர் இருவர் கண்டறிவதைச் சொல்கிறது. அங்கே இரு காலங்களையும் இணைப்பவை பழைய கடிதங்கள். கல்கியிடமோ இணைப்பது உயிர். ஆகவே ‘நான் யார்’ என்னும் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்நாவலைப் படிக்க இயலாது.

அக்கேள்விக்குத் தமிழ்ச் சமய மரபு ஒரே குரலில் விடை கூறவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தை அடியாகக் கொண்ட சைவ சித்தாந்தம், உயிர் தோற்றமும் அழிவும் அற்றது என்றும், பல பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் வினையாகிய சஞ்சிதத்திலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த பகுதியே பிராரத்தம் என்றும், அதை நுகரும்போதே புதிதாக ஏறிக்கொள்வது ஆகாமியம் என்றும் வகுக்கிறது. பௌத்தமோ நிலையான உயிர் என்று ஒன்றில்லை என்று மறுத்து, ஒரு விளக்கின் சுடரிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவதுபோல வினையின் தொடர்ச்சி மட்டுமே பிறவிதோறும் செல்கிறது என்று கூறுகிறது. முதல் விடையின்படி குமாரலிங்கமே உலகநாதத் தேவன்; இரண்டாவதன்படி அவன் அவனும் அல்லன், முற்றிலும் வேறொருவனும் அல்லன்.

இந்த இரண்டாம் விடையைக் கதையாக வளர்த்த பெருநூல் சாத்தனாரின் மணிமேகலை. மணிமேகலா தெய்வத்தால் மணிபல்லவத் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்ட மணிமேகலை, அங்குள்ள புத்த பீடிகையைக் கண்டதும் தன் பழம்பிறப்பை உணர்கிறாள்: அப்பிறப்பில் அவள் இலக்குமி, கணவன் இராகுலன் நஞ்சால் இறந்தபோது தீப்புகுந்தவள். அந்த இராகுலனே இப்போது தன்னைத் தொடரும் சோழ இளவரசன் உதயகுமரன் என்பதையும் அவள் அறிகிறாள். வேறொரு புலவர் கையில் இவ்விடத்தில் இணைப்பு நிகழ்ந்திருக்கும். சாத்தனார் அதை மறுத்துவிடுகிறார். உதயகுமரன் வெட்டுண்டு கிடக்கும்போது பழைய உறவு அவளைக் கதற வைக்கிறது என்பது உண்மை; ஆயினும் அவ்வுறவை அறிந்தது அவளைப் பற்றிலிருந்து விடுவித்து, பசித்தவர்க்கு உணவிடும் அறத்தை நோக்கியே செலுத்துகிறது. கல்கியின் நாவலில் நிகழ்வது இதற்கு நேர் எதிரானது: முற்பிறவி நினைவு பற்றை அறுக்காமல் வளர்க்கிறது.

நாவலை ஊன்றிப் படிப்போர் நின்று சிந்திக்க வேண்டிய இடமும் இதுவே. குமாரலிங்கம் பொன்னம்மாளின் முகத்தில் மாணிக்கவல்லியைக் காண்கிறான். தன் தந்தைக்குத் தெரியாமல், ஊராருக்கு அஞ்சாமல், முன்பின் அறியாத ஒருவனுக்குச் சோறு கொண்டு வரும் துணிவு பொன்னம்மாளுடையது. அதை ஓர் இளவரசியின் கணக்கில் எழுதிவிட்டால், இன்று எதிரே நிற்கும் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? முற்பிறவியில் வைத்த நம்பிக்கை உறவுக்கு ஆழம் தரலாம். அதே நம்பிக்கை, உயிரோடு இருக்கும் மனிதரை இறந்துபோன ஒருவரின் நிழலாக்கிவிடவும் கூடும். வறுமையையும் இழிவையும் பழவினையின் பயன் என்று கூறிச் சமூக அநீதிக்குச் சமாதானம் சொல்லும் வழக்கத்தில் இந்த ஆபத்து இன்னும் கொடிய வடிவில் உள்ளது. பெரியார் மறுபிறவிக் கொள்கையை அத்தனை கடுமையாக எதிர்த்தது அதனால்தான். கல்கி அந்தப் பக்கம் செல்லவில்லை என்பது அவருக்குப் பெருமை. அவர் கதையில் முற்பிறவி யாருடைய தாழ்வையும் நியாயப்படுத்தவில்லை. அந்நியருக்கு எதிராக அன்று முடியாமல் போன போராட்டத்தை இன்று தொடரும் கடமையாக அது வந்து நிற்கிறது.

அரியலூர் மாவட்டச் செந்துறை வட்டாரத்து வாசகருக்கு இந்நாவலைப் பரிந்துரைக்கத் தனிக் காரணங்கள் உண்டு. அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்களாக இருந்து கம்பெனி ஆட்சிக்குள் அடங்கியவை. ஆகவே கதையில் வரும் சிற்றரசுகளின் வீழ்ச்சி இம்மண்ணுக்குப் புதிதன்று. மணிமேகலையும் இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று. இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தங்கித் தமிழ் கற்ற உ. வே. சாமிநாதையரே அந்நூலை ஆராய்ந்து 1898-இல் பதிப்பித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நலம்: முதலில் சோலைமலை இளவரசி, பின்னர் மணிமேகலையில் மணிபல்லவம் வரும் பகுதியும் உதயகுமரன் வெட்டுண்ட பகுதியும். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால், இந்நாவல் பல பதிப்பகங்களின் மலிவு விலைப் பதிப்புகளாகவும் இணையத்தில் கட்டணமின்றியும் கிடைக்கிறது.