காட்டுவதும் கொடுப்பதும்

தான் கற்ற வித்தையைப் பிறர் காணும்படி வைப்பதும், பிறர் கையாளும்படி கொடுப்பதும் ஒரே காரியந்தானா என்னும் கேள்வி, மிகச் சிறிய ஒரு கருவியின் காரணமாக என் மனத்தில் எழுந்தது. எழுந்தபின் அகலவும் இல்லை. விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் எடிட்டரில் போலாகோட் என்ற செருகுநிரலை நிறுவிக்கொண்டு, நாம் எழுதிய நிரலில் வேண்டிய வரிகளை நகலெடுத்து அதன் பலகத்தில் ஒட்டி, அங்குள்ள காமிராக் குறியைச் சொடுக்கினால், அவ்வரிகள் தம் வண்ணங்களோடு கண்ணுக்கினிய படமாகிவிடுகின்றன. கோட்ஸ்னாப், உலாவியில் இயங்கும் கார்பன், ரஸ்ட் மொழியில் இயற்றப்பட்ட சிலிக்கான் ஆகியவையும் இதே பணியைச் செய்பவை.

நிரலைப் படமாக்கிப் பகிரும் இந்த ஆசையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ட்விட்டர் தன் வரம்பை 2017-இல் 140 எழுத்துகளிலிருந்து 280-ஆக உயர்த்திய பின்னரும், சம அகல எழுத்துரு அங்கே கிடைக்கவில்லை; வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியிலேயே பொருளைப் பொதிந்து வைத்திருக்கும் பைத்தான் போன்ற மொழிக்கு அது ஏற்ற இடமாக இருக்கவில்லை. நிரல் மனிதர் வாசிப்பதற்கும் உரியது என்ற எண்ணமும் புதிதன்று. 1960-இல் வெளிவந்த அல்கால் அறிக்கையே இயந்திரத்திற்குரிய வடிவத்தையும் பிரசுரத்திற்குரிய வடிவத்தையும் வேறுபடுத்திக் காட்டியது. டொனால்டு கனூத் வகுத்த ‘வெப்’ முறையிலோ, ஒரே மூலத்திலிருந்து டாங்கிள் என்னும் கருவி இயந்திரத்திற்கான பாஸ்கல் நிரலைத் தரும். வீவ் என்னும் கருவி அச்சுக்கான பக்கங்களைத் தரும். அவ்வாறு எழுதப்பட்ட ‘டெக்’ மென்பொருள் முழுவதும் 1986-இல் புத்தகமாகவே வெளிவந்தது. அங்கே ஸௌந்தர்யமும் பிரயோஜனமும் ஒரே ஊற்றிலிருந்து பெருகின.

படத்திலோ அந்தச் சம்பந்தம் அறுந்துபோகிறது. அதை நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்ற நிரலாளருடைய திரைவாசிப்பானுக்கு, படத்தை விவரிக்கும் மாற்றுரை இல்லாத இடத்தில், அது வெறும் படம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் தன்னிடம் கேள்வி கேட்பவர்களை, நிரலைப் படமாக இடாமல் உரையாகவே இடும்படி வற்புறுத்துவது இதனால்தான்.

ஆயினும் என் சிந்தை இந்த அசௌகரியங்களோடு நின்றுவிடவில்லை. உரையாகக் கொடுத்த நிரலில் பிறர் கைவைக்கலாம், பிழையைத் திருத்தலாம், என் பெயரையே மறந்துவிட்டு அதைத் தம்முடையதாக்கிக் கொள்ளலாம். படம் அத்தனைக்கும் இடம் கொடாமல், எழுதியவனுடைய அபிமானத்தைப் பத்திரமாகக் காத்துத் தருகிறது. நானும் இத்தகைய படங்களைப் பகிர்ந்திருக்கிறேன். கிடைத்த பாராட்டில் அடைந்த சந்தோஷம் பொய்யன்று. ஆனால், நான் எழுதிய ஒரு சிறு நிரலை முகமறியாத ஒருவர் எடுத்து, பாதியை மாற்றி, தம் வேலைக்குப் பொருத்திக்கொண்டதாகத் தெரிவித்தபோது எனக்கு உண்டான நிறைவு, அந்தப் பாராட்டு எதனாலும் உண்டானதில்லை. அந்த மாறிய வடிவில் என் கை இருந்ததற்கான அடையாளமே அநேகமாக இல்லை. அதைக் கண்டபோதும் வருத்தம் தோன்றவில்லை என்பதுதான் எனக்கே வியப்பாக இருந்தது.

ஆகையால், படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். படத்தை இடும்போது மாற்றுரைப் பெட்டியில் அது என்ன நிரல், என்ன செய்கிறது என்று எழுதுங்கள். மூல உரை இருக்கும் இடத்திற்கு ஓர் இணைப்பையும் கூடவே வையுங்கள். செருகுநிரல் இயற்றுவோருக்கும் ஒரு விண்ணப்பம்: பி.என்.ஜி. என்னும் படக் கோப்பினுள் உரையைப் பொதிந்து வைக்க, அந்த அமைப்பை வகுத்தவர்கள் 1996-இலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் மூல நிரலையும் சேர்த்து வையுங்கள்.