யார் வயலின் வெங்காயம்?

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டியதும் வழிநெடுக உணவகங்கள். அங்கே பல மேசைகளுக்கு வரும் சாம்பாரில் மிதப்பது பெரிய வெங்காயம். சாலையை விட்டு மேற்கே திரும்பினால் செட்டிகுளம். தமிழ்நாட்டின் சின்ன வெங்காய விளைச்சலில் முன்னணியில் நிற்கும் வட்டாரம். பக்கத்திலேயே விளைந்தும் அது சட்டிக்கு வராததற்குக் காரணம் உண்டு. ஒரு பெரிய வெங்காயத்துக்கு ஈடாகப் பத்துப் பதினைந்து சின்ன வெங்காயத்தை உரித்தாக வேண்டும். தலையும் வேரும் கிள்ளி, தோல் நீக்கி, கண்ணீர் வழிய உட்கார்ந்து உரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கூலியை மிச்சப்படுத்துவது கடைக்காரரின் கணக்கு. சாப்பிட உட்காருபவருக்கு இதில் பொறுப்பு உண்டா?

உள்ளூரில் விளைந்ததை உண்பதே அறம் என்று ஒரு விடை உலகெங்கும் புழங்குகிறது. அதை அப்படியே ஏற்றால் முதலில் அடிபடுவது பெரம்பலூர்தான். இங்கே விளையும் வெங்காயம் திருச்சிக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் போனால்தான் சம்சாரிக்குப் பிழைப்பு. மானாவாரி மக்காச்சோளம் கோழித் தீவனமாகப் போய், நாமக்கல் முட்டையாகத் திரும்பி வருகிறது. அந்த ஆம்லெட் உள்ளூரா, வெளியூரா? ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரியும் அங்கேயே தின்று தீர்க்கப்படுவதில்லை. ஆகவே தூரத்தை வைத்து அறத்தை அளக்க முடியாது. நட்டத்தை யார் சுமக்கிறார் என்பதே கேள்வி.

சின்ன வெங்காயத்தில் அந்தச் சுமை கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதை வெங்காயம் ஊன்ற வேண்டும். திருகல் நோய் விழுந்தால் தாள் முறுக்கிக்கொள்ளும், காய் பெருக்காது. தப்பி விளைந்தாலும் எல்லோரும் ஒரே சமயத்தில் அறுக்க, விலை சரியும். வசதி உள்ளவர் காற்றோட்டமாகப் பட்டறை போட்டு விலைக்குக் காத்திருப்பார். கடன்பட்டவர் வயலிலேயே கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். 2019 இறுதியில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நாடே பேசியது. அறுவடைக் கூலிக்கே கட்டாத பருவங்களில் யாரும் பேசுவதில்லை. விலை ஏறினால் ஆனியன் ஊத்தப்பத்தின் விலை ஏறுகிறது. இறங்கினால் அது இறங்குவதில்லை. நடுவில் நிற்கும் அந்தப் பணம் வயலுக்குப் போகவில்லை என்பது மட்டும் உறுதி.

இந்தப் பொறுப்பை எல்லோர் தலையிலும் ஒரே அளவில் ஏற்றுவது நியாயமாகாது. வேலை முடிந்து இரண்டு பரோட்டாவில் பசியாறும் சிமெண்டு ஆலைத் தொழிலாளியிடமோ, ஓட்டுநர் நிறுத்திய கடையில் இறங்கும் பேருந்துப் பயணியிடமோ அறம் பேசக் கூடாது. தேர்ந்தெடுக்க முடியாதவருக்குக் குற்றமும் இல்லை. குடும்பத்தோடு காரில் வந்து, எங்கே சாப்பிடலாம் என்று யோசிக்க நேரமும் காசும் உள்ளவரிடம்தான் கேட்க வேண்டும்.

அவரைவிடப் பெரிய கடன் ‘கிராமத்துச் சமையல்’ என்று பலகை மாட்டுபவருக்கு. இந்தப் புன்செய்க் காட்டில் ஏழைகளின் சோறாக இருந்த வரகும் கம்பும் இன்று இலையில் கூடுதல் விலைக்கு வருகின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கிராமத்தின் பெயரைச் சொல்லிக் காசு வாங்கிவிட்டு, சரக்கைத் தொலைதூர மண்டியில் அடிமாட்டு விலைக்கு எடுப்பது ஏமாற்று வேலை. உள்ளூர்ச் சரக்கையே எடுத்தாலும், விளைவித்தவருக்குக் கட்டுபடியாகும் விலையும் உரித்தவருக்கு நியாயமான கூலியும் போய்ச் சேராவிட்டால் அந்தப் பெயருக்கு உரிமை இல்லை.

உணவகம் நடத்துபவர்கள் நடவுக்கு முன்பே ஒரு விலை பேசி, பக்கத்து ஊர்ச் சம்சாரியிடம் நேரடியாக வாங்கட்டும். எந்த ஊர்ச் சரக்கு என்று விலைப்பலகையில் எழுதட்டும். சாப்பிட வருபவர்கள், அப்படி எழுதிய கடைக்கு நாலு ரூபாய் கூடக் கொடுத்தாவது போங்கள். எழுதாத கடையில், வெங்காயம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.